ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின் ஆக்ஸில்: புஷ், சீல், பேரிங், கிராஸ் மாற்றும் முழுமையான வழிகாட்டி

மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் புதுப்பிக்கிறவர்கள் இன்ஜினுக்கும் பெயின்ட்டுக்கும் மாதக்கணக்கில் செலவழிப்பார்கள். பின் ஆக்ஸிலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். இங்கே மாற்றுகிற சாமான்கள் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். ஆனால் ஒரு போல்ட்டை முறை மாற்றிக் கழற்றினால் அடுத்ததைக் கழற்ற வழியிருக்காது. இந்த வழிகாட்டியில் பாதி வரிசையைப் பற்றித்தான்.

1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதில் பின்பக்கம் ஒரே குழலாக நீளும் வழக்கமான ஆக்ஸில். இங்கே சொல்வது, குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங் போட்டு, இரண்டு பக்கமும் ஷாஃப்ட் தனித்தனியே ஏறி இறங்கும் ஹெரால்டுக்கு மட்டும்.

1. எது எங்கே இருக்கிறது

டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகியிருக்கிறது, அது அசையாது. அதன் இரு பக்கமும் ஃபிளாஞ்சு, ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் நாலு போல்ட்டில் ஒரு யூ.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸ், அதிலிருந்து வெளியே சக்கரம் மாட்டும் ஹப் வரை ஆக்ஸில் ஷாஃப்ட். கிராஸ் உள்பக்கம் மட்டும்தான். வெளிப்பக்கம் ஷாஃப்ட்டும் சக்கரமும் ஒரே கட்டை மாதிரி சாயும்.

ஷாஃப்ட்டின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் வார்ப்பு இரும்புக் கூடுதான் டிரன்னியன். அதற்குள் வெளிப்பக்கம் ஒரு பால் பேரிங், உள்பக்கம் ஒரு நீடில் பேரிங், இரண்டு முனையிலும் சீல். டிரன்னியனின் அடியில் ஒரு நீள போல்ட், அதன் மேல் நைலான் புஷ். அந்த போல்ட்டைப் பிடித்திருப்பவை வெர்டிகல் லிங்க் என்ற இரண்டு தகடுகள். அதே தகடுகளின் மேல்முனையில் ஸ்பிரிங்கின் கண் வந்து உட்காரும். ஷாக் அப்சர்பரின் கீழ்முனையும், சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் பின்முனையும் இதே லிங்க்கில்தான் மாட்டும்.

ஷாக் அப்சர்பருக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் ஒரு அளவுக்குமேல் கீழே போகாமல் தடுப்பது அதுதான். இது தெரியாமல் முதலில் ஷாக் போல்ட்டை உருவினால் லிங்க் கீழே அறைந்து இறங்கும். பிரேக் ஹோஸ் இழுபடும், விரல் நடுவில் இருந்தால் விரலும் போகும்.

2. கழற்றும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

அம்பாஸடர் வேலை பார்த்துப் பழகியவர்கள் பின் டிரம் ஈரமாக இருந்தால் உடனே "டிஃபரன்ஷியல் ஆயில் வருது" என்பார்கள். ஹெரால்டில் அது நடக்காது. ஷாஃப்ட் வெட்டவெளியில் ஓடுகிறது. டிஃபரன்ஷியல் ஆயில் சக்கரம் வரை வர வழியே இல்லை. டிரம்முக்குள் ஈரம் என்றால் ஒன்று ஹப் கிரீஸ், இல்லையென்றால் வீல் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில். டிஃபரன்ஷியல் சீல் போயிருந்தால் கிராஸ் இருக்கும் இடத்தில் எண்ணெய் வட்டமாகத் தெறித்து, மேலே பாடியின் அடித்தகடு நனைந்திருக்கும்.

கியர் போட்டுக் கிளட்ச் விடும்போது "டக்" என்று ஒரே சத்தம் வந்தால் கிராஸ், அல்லது ஹப்பில் கீ (ஹப்பை ஷாஃப்ட்டோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டு) தளர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய, வண்டி நிற்கும்போது ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ஷாஃப்ட் அசைந்தும் ஃபிளாஞ்சு அசையாவிட்டால் கிராஸ். ஷாஃப்ட் அசைந்தும் டிரம் அசையாவிட்டால் கீ.

ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது வண்டியின் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் திரும்புவது போல் இருந்தால் ரேடியஸ் ஆர்ம் ரப்பர் அல்லது டிரன்னியன் புஷ். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது டிரன்னியன் கூடும் சேர்ந்து ஆடினால் நைலான் புஷ் தேய்ந்துவிட்டது. கூடு நின்று ஹப் மட்டும் ஆடினால் பேரிங்.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து:

- டிரன்னியன் கிட் 2. ஒவ்வொன்றிலும் விளிம்பு வைத்த நைலான் புஷ் 2, இரும்புக் குழல் 1, தூசி தடுக்கும் ரப்பர் வளையம், வாஷர்கள்
- டிரன்னியன் போல்ட்டும் நட்டும் 2 ஜோடி. பழையது முழுசாக வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்
- யூ.ஜே. கிராஸ் 2, சர்க்கிளிப்போடு
- பால் பேரிங் 2, நீடில் பேரிங் 2, ஹப் சீல் 4
- ஸ்பிரிங் கண் புஷ் 2, ரேடியஸ் ஆர்ம் புஷ் 4, ஷாக் ரப்பர்கள்
- ஹப் கீ 2, ஹப் நட் 2, ஃபிளாஞ்சு போல்ட் 8, லாக் நட் 8
- பின் பிரேக் ஹோஸ் 2
- டிஃபரன்ஷியலுக்கு இ.பி. 90 ஹைபாய்டு ஆயில் 1 லிட்டர்; உள்ளே போவது 0.57 லிட்டர்தான்
- லித்தியம் பேரிங் கிரீஸ் அரைக் கிலோ

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் சீல், பேரிங் இரண்டும் அளவைச் சொன்னால் தேடித் தருவார்கள். வண்டிப் பெயரைச் சொன்னால் கையை விரிப்பார்கள். பழைய பேரிங்கின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியரால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து போங்கள்.

இந்த வண்டி அங்குல அளவில் கட்டியது. ஒரு அங்குலம் என்றால் 25.4 மி.மீ. கடைக்காரர் "25 போதும் சார், கொஞ்சம் டைட்டா இருக்கும், அவ்வளவுதான்" என்பார். சீலின் உதடு அந்த இறுக்கத்தில் சூடாகிக் கருகும். வெளிவிட்டம் அரை மி.மீ. குறைந்தால் சீல் கூட்டுக்குள் சுற்றும். அங்குல அளவு கிடைக்கும்வரை தேடுங்கள். ஹெரால்டின் பின்பக்கச் சாமான் பலவும் அந்தக் காலத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருடையதும் ஒன்றேயாதலால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். வரவழைக்கிறவர்கள் தங்கள் வண்டியின் ஷாஃப்ட்டை அளந்துவிட்டு ஆர்டர் போடட்டும்.

புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட், லிங்க் தகடு கிடைத்தால் வாங்கலாம். பழைய ரப்பர், பழைய சீல் வாங்காதீர்கள். அட்டைப்பெட்டி பிரிக்காமல் முப்பது வருஷம் கிடந்த ரப்பரும் பழைய ரப்பர்தான்.

4. ஸ்பேனரும் மரையும்

போல்ட் எல்லாம் யு.என்.எஃப்., யு.என்.சி. என்ற அங்குல அளவு மரை. மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டோடு வருகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே நாலு போல்ட்டின் தலையை உருட்டிவிடுவார்கள். 9/16 அங்குலத் தலை 14.29 மி.மீ.; 14 நுழையாது, 15 வழுக்கும். 1/2 அங்குலத் தலை 12.7 மி.மீ.; அதில் 13 உட்காரும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16, 5/8 அங்குல ரிங் ஸ்பேனர் கட்டாயம்.

அதேபோல் 3/8 அங்குல போல்ட் தொலைந்தால் எம்10 (10 மி.மீ. போல்ட்) போடாதீர்கள். 3/8 என்பது 9.53 மி.மீ.; எம்10 மரையைத் தின்றுவிட்டுத்தான் உள்ளே போகும்.

இவை தவிர வேண்டியவை: டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக்கி, நல்ல ஸ்டாண்டு இரண்டு, வைஸ், சர்க்கிளிப் பிளையர், இரும்பு அறுக்கும் பிளேடு ஒரு டஜன். எல்லாவற்றுக்கும் மேலாக ஹப் புல்லர். இதைப் பற்றி எட்டாவது பகுதியில்.

ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் டிரன்னியன் போல்ட், ஸ்பிரிங் கண் போல்ட், ரேடியஸ் ஆர்ம் போல்ட் எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் நின்ற வண்டி என்றால் இரண்டு வாரம். உப்புக் காற்றுக்கு இரும்பு கொடுத்த விலை அது.

5. வண்டி தரையில் இருக்கும்போதே இளக்க வேண்டியவை

சக்கர நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். பிறகு ஹப் நட். சக்கரத்தின் நடு ஓட்டை வழியாக சாக்கெட் போனால், ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் வைத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நீளக் குழாய் மாட்டி இளக்குங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். அரைச் சுற்று போதும். நட் கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின் இருந்தால் முதலில் அதை உருவ வேண்டும். தூக்கிய வண்டியில் இந்த நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நகரும்.

டிஃபரன்ஷியலின் ஆயில் ஊற்றும் பிளக்கையும் இப்போதே இளக்கிப் பாருங்கள். அது வராவிட்டால், ஆயிலை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள்.

6. தூக்கி நிறுத்துதல்

டிஃபரன்ஷியல் அடியில் மரப்பலகை கொடுத்து ஜாக்கியால் தூக்கலாம். அது சேஸிஸோடு சேர்ந்ததுதான். ஆனால் ஸ்டாண்டு நிற்க வேண்டிய இடம் சேஸிஸின் நடு நீளக் கட்டை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளின் அடியில் கொடுக்காதீர்கள். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், உள்ளே துருவால் அப்பளமாகியிருக்கும்.

அடுக்குமாடி பார்க்கிங்கில் இன்டர்லாக் கல் பதித்திருந்தால் ஸ்டாண்டின் நாலு காலும் நாலு கல்லில் நிற்கும், ஒன்று புதையும். அடியில் முக்கால் அங்குல பிளைவுட் போடுங்கள். ஹாலோ பிளாக்கையும் செங்கலையும் வண்டிக்கு அடியில் கொண்டுவரவே கூடாது. அவை விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் தூளாகும்.

7. கழற்றும் வரிசை

ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். எதிர்ப்பக்கம் அப்படியே இருந்தால் எந்த வாஷர் எங்கே என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சக்கரம். அடுத்து ஃபிளாஞ்சின் நாலு போல்ட்டையும் இளக்குங்கள், ஹேண்ட்பிரேக் போட்டபடி. ஒரு போல்ட்டை இளக்கி, பிரேக்கை விட்டு, டிரம்மைத் திருப்பி, மறுபடி பிரேக் போட்டு அடுத்தது. புதியவர்கள் ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் கழற்றிவிட்டு, பிறகு ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று ஸ்க்ரூடிரைவரைக் கிராஸுக்குள் திணிப்பார்கள். இளக்கும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள்.

அடுத்து ஹேண்ட்பிரேக் கேபிள். அதன் பிறகு பிரேக் ஹோஸ். இரும்பு பைப் பக்கத்து நட்டை முதலில் இளக்கிவிட்டு, பிறகு ஹோஸைப் பிடித்திருக்கும் நட். மாற்றிச் செய்தால் பைப் முறுக்கிக் கிழியும். திறந்த பைப் முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும்.

ரேடியஸ் ஆர்மின் பின் போல்ட்டைக் கழற்றி ஆர்மைத் தொங்க விடுங்கள். ஆர்மின் முன்பக்கப் பிடியைக் கழற்றுவதென்றால் அதன் பின்னால் தகட்டுச் சிம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரம் நேராக நிற்பதற்கு அந்தச் சிம்கள்தான் கணக்கு. எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி, கம்பியில் கோத்து, அந்தந்த ஆர்மிலேயே கட்டிவிடுங்கள்.

இப்போது வெர்டிகல் லிங்க் அடியில் இரண்டாவது ஜாக்கியை வைத்து, ஷாக் அப்சர்பரின் போல்ட் கையால் ஆடும் அளவுக்குத் தூக்குங்கள். ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றி ஒதுக்குங்கள். ஃபிளாஞ்சு போல்ட் நாலையும் உருவி ஷாஃப்ட்டை டிஃபரன்ஷியலிலிருந்து விலக்குங்கள். பிறகு ஜாக்கியைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஃபிளாஞ்சை விலக்காமல் முழுக்க இறக்கினால் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்து கிராஸின் கைகள் ஒன்றோடொன்று முட்டும்.

ஸ்பிரிங் தன் இயல்பு நிலைக்கு இறங்கியதும் கண் போல்ட்டில் பாரம் இருக்காது. இப்போது அதை உருவினால் லிங்க், டிரன்னியன், ஷாஃப்ட், டிரம் எல்லாம் ஒரே துண்டாகக் கையில் வரும். கனமானது, இரண்டு பேர் வேண்டும். போல்ட் இன்னும் இறுக்கமாக இருந்தால் அடிக்காதீர்கள். ஜாக்கியைச் சற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பாரம் நீங்கும் இடத்தில் அது விரலால் வரும்.

8. ஹப்

இந்த வேலை முழுவதிலும் பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். ஹப் ஒரு கூம்பு முனையில் உட்கார்ந்திருக்கிறது. நட் அதை மேலும் மேலும் இறுக்கியிருக்கிறது. ஐம்பது வருஷத் துரு மீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூன்று கால் புல்லரை மாட்டாதீர்கள். அதன் கால்கள் ஹப்பின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்; ஹப் வராது, விளிம்பு குடை மாதிரி வளையும். பிறகு டிரம் நெளிந்து ஓடும், பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கும். வேண்டியது, நாலு சக்கர ஸ்டட்டிலும் நட் போட்டு இறுக்கும் தடித்த தகட்டுப் புல்லர். சொந்தமாக இல்லையென்றால் லேத் பட்டறையில் செய்து வாங்குங்கள். 25 மி.மீ. தடிமன் தகட்டில், ஸ்டட் வட்டம் 95.25 மி.மீ. என்ற கணக்கில் நாலு ஓட்டை, நடுவில் நல்ல மரையுள்ள தடித்த போல்ட். 12 மி.மீ. தகட்டில் செய்து கொடுத்தால் தகடு வளையும், ஹப் அசையாது.

ஹப் நட்டைக் கழற்றி, ஷாஃப்ட் முனையோடு சமமாக இருக்கும்படி திரும்பப் போடுங்கள். மரை விரியாது, ஹப் விடுபடும்போது முகத்துக்குப் பறக்கவும் செய்யாது. புல்லரை முடிந்தவரை இறுக்கி, நடு போல்ட்டின் தலையில் கனமான சுத்தியலால் ஒரே நேர் அடி. வராவிட்டால் இன்னும் கால் சுற்று, இன்னொரு அடி. அதற்கும் வராவிட்டால் இறுக்கிய நிலையிலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பல ஹப்கள் நள்ளிரவில் தானாக "டமார்" என்று விடுபடும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காய்ச்சுவது பட்டறைகளில் வழக்கம். ஹப்பைச் சூடு மட்டும் காட்டுவது வேறு. சிவந்தால் ஷாஃப்ட்டின் பதம் போய்விடும். ஹெரால்டில் ஷாஃப்ட் முனை உடைந்தால் சக்கரம் வண்டியை விட்டுத் தனியே ஓடும். அதைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் அங்கே இல்லை.

9. பேரிங், சீல்

ஹப் வந்ததும் டிரன்னியனில் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டைக் கழற்றினால் வெளி சீலின் கூடு, கேஸ்கட், பிரேக் தகடு ஆகியவை வரிசையாக வரும். வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். பிறகு டிரன்னியனை ஷாஃப்ட்டிலிருந்து பிரஸ்ஸில் வைத்துத் தள்ள வேண்டும்.

நீடில் பேரிங்கைத் தட்டி எடுக்கும் முன், கூட்டின் விளிம்பிலிருந்து அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதுங்கள். புதியதும் அதே ஆழத்தில்தான் உட்கார வேண்டும். ஆழம் மாறினால் உருளைகள் ஷாஃப்ட்டின் பதமான பகுதியை விட்டு வேறு இடத்தில் ஓடும். புதிய பேரிங்கை எழுத்து பொறித்த முகத்தில் மட்டும், அதன் அளவுக்குக் கடைந்த கட்டையை வைத்து உள்ளே அழுத்துங்கள். மறுமுகம் மெல்லியது, அடித்தால் நெளிந்து உருளைகள் சிக்கும்.

இப்போது ஷாஃப்ட்டைப் பாருங்கள். நீடில் பேரிங் ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் நகத்தில் சிக்கினால் புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஆடும். நல்ல ஷாஃப்ட் தேடுவதே முதல் வழி. கிடைக்காவிட்டால் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஹார்ட் குரோம் ஏற்றிக் கிரைண்ட் செய்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்றால் ஷாஃப்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெல்டிங் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும்.

சீலின் உதட்டில் கிரீஸ் தடவிப் போடுங்கள். பேரிங்குகளுக்குள் கையால் கிரீஸ் திணித்து, கூட்டின் வெற்றிடத்தில் பாதி மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் சூட்டில் விரிந்து சீலைத் தாண்டிப் பிரேக் ஷூவுக்கு வரும். டிரம்மில் கிரீஸ் இருந்த வண்டிகளில் பல, சீல் கெட்டவையல்ல. கிரீஸ் கன்னால் ஆசை தீர அடித்தவை.

10. டிரன்னியன் புஷ்

பழைய போல்ட் இரும்புக் குழலோடு ஒட்டிப்போயிருக்கும். சுத்தியலால் அடித்தால் போல்ட் தலை பூவாக விரியும், லிங்க் தகடு வளையும். நாலு அடியில் அசையாவிட்டால் அறுத்துவிடுங்கள். தகட்டுக்கும் டிரன்னியனுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகலாம். ஆங்கிள் கிரைண்டர் சீக்கிரம் முடிக்கும், கூடவே லிங்க் தகட்டிலும் ஒரு வெட்டு வைத்துவிடும்.

புதிய புஷ்ஷின் கணக்கு எளிது, ஆனால் தப்பாகப் போகிறவர்கள் அதிகம். போல்ட்டை இறுக்கும்போது தகடுகள் பிடிக்க வேண்டியது இரும்புக் குழலை. குழல் நிற்கும், அதைச் சுற்றி நைலான் சுழலும். ஆகவே இரண்டு நைலான் புஷ்ஷையும் டிரன்னியனில் உட்கார வைத்த பிறகு, குழலின் நீளம் அவற்றை விட ஒரு காகிதத் தடிமனாவது கூடுதலாக இருக்க வேண்டும். குழல் குறைந்தால் போல்ட் நைலானை நசுக்கும், டிரன்னியன் சுழலாது, ஸ்பிரிங் ஏறி இறங்குவதற்குப் பதில் லிங்க் தகடு முறுக்கும்.

லேத்தில் நைலான் ராடிலிருந்து கடைந்து வாங்குகிறவர்கள் இதைக் கடைசல்காரருக்குப் படம் போட்டுக் காட்டுங்கள். "சைஸ் கரெக்டா இருக்கு" என்பதற்கும் "குழலை விடக் கம்மியா இருக்கு" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும் பொருள் என்பதால், ஐப்பசி மழையில் கடைந்த அன்று கச்சிதமாக இருந்த புஷ் ஒரு வாரத்தில் குழலைப் பிடிக்கும். குழல் கையால் சுழல வேண்டும், ஆடக் கூடாது. அந்த அளவுக்கு உள்விட்டத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

குழலின் வெளியே கிரீஸ், உள்ளே போல்ட்டின் உடம்பு முழுக்க செம்புக் கிரீஸ். அடுத்த தடவை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

முன்பக்க டிரன்னியனுக்கு ஆயில் ஊற்ற வேண்டும் என்று படித்தவர்கள் பின்பக்கமும் ஆயில் தேடுவதுண்டு. முன்னால் இருப்பது மரையுள்ள பித்தளை, அதற்கு இ.பி. 90. பின்னால் நைலான். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

11. யூ.ஜே. கிராஸ்

ஹப் வேலை முடிந்த பிறகே கிராஸைத் தொடுங்கள். ஹப்பை இழுக்கும்போது ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சை வைஸில் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரம் பழைய கிராஸ் மேலேயே விழட்டும்.

நாலு சர்க்கிளிப்பையும் எடுக்கும் முன் கப் மேலே லேசாக ஒரு தட்டு தட்டினால் சர்க்கிளிப் தளரும். பழைய கப்புகளை வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து அழுத்தி எடுக்கலாம். ஒரு பக்கம் சின்ன சாக்கெட் தள்ளும், மறுபக்கம் பெரிய சாக்கெட் வாங்கும். ஃபோர்க்கின் காதுகளைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

புதிய கப்பை மாட்டும்போது ஊசி உருளை ஒன்று சாய்ந்து அடியில் விழுந்துவிடும். அது தெரியாமல் அழுத்தினால் கப் கடைசி 2 மி.மீ. போகாது, சர்க்கிளிப் காடியில் உட்காராது. அப்போது இன்னும் பலமாக அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது; கப் உடையும். வெளியே எடுத்து, உருளைகளைக் கெட்டியான கிரீஸில் சுவரோடு ஒட்டவைத்து மறுபடி மாட்டுங்கள். முடிந்ததும் கிராஸ் நாலு திசையிலும் தன் பாரத்திலேயே சாயாவிட்டாலும் ஒரு விரலால் சாய வேண்டும். இறுக்கமாக இருந்தால் காதில் மெதுவாக ஒரு தட்டு. கப் வெளியே வந்து சர்க்கிளிப்பில் சாய்ந்து இடம் கொடுக்கும்.

கிரீஸ் நிப்பிள் இருந்தால் அது கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும்.

12. ஸ்பிரிங் கண், ரேடியஸ் ஆர்ம்

ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியல் மேலிருந்து இறக்க வேண்டாம். கண் புஷ்ஷை வண்டியிலேயே மாற்றலாம்: நீள மரைக்கம்பி, ஒரு பக்கம் பழைய புஷ்ஷை வாங்கும் குழாய்த் துண்டு, மறுபக்கம் தள்ளும் வாஷர். நட்டை இறுக்க இறுக்கப் புஷ் நகரும். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி இழுங்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறும்.

ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷும் அதே முறைதான், வைஸில்.

13. டிஃபரன்ஷியல் சீல்

ஒழுகாவிட்டால் தொடாதீர்கள். ஒழுகினால், ஷாஃப்ட் கழன்று கிடக்கும் இந்த நேரமே சரியானது. பக்கவாட்டு ஃபிளாஞ்சின் பின்னால் இருக்கும் நாலு அலன் ஸ்க்ரூவைக் கழற்றினால் உள் ஷாஃப்ட், பேரிங்கோடு வெளியே வரும். சீல் பேரிங்குக்குப் பின்னால் இருப்பதால் பேரிங்கைப் பிரஸ்ஸில் எடுத்தாக வேண்டும். அலன் ஸ்க்ரூ குழியில் மண் அடைத்திருக்கும். ஊசியால் சுத்தமாகத் தோண்டிவிட்டு அலன் கீயைத் தட்டி உட்கார வைத்துத் திருப்புங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் குழி வட்டமாகிவிடும்.

முன்னால் உள்ள பினியன் சீல் வேறு விஷயம். அதன் நட் பினியன் பேரிங்கின் இறுக்கத்தையும் பிடித்திருக்கிறது. கழற்றும் முன் நட், ஷாஃப்ட், ஃபிளாஞ்சு மூன்றிலும் ஒரே கோடாகப் பொட்டு வைத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட ஆசைப்படாதீர்கள். இறுக்கம் கூடினால் பேரிங் கத்தத் தொடங்கும்.

சீல் மாற்றும் முன் டிஃபரன்ஷியலின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஆயில் பால் காப்பி நிறத்தில் வரும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிக் கழுவி, வடித்து, புது ஆயில் ஊற்றி, நூறு கிலோமீட்டரில் அதையும் மாற்றுங்கள்.

14. மாட்டும் வரிசை

ஹப்பில் தொடங்குங்கள். கூம்பும் ஹப்பின் உள்பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். நீல மையைக் கூம்பில் மெல்லத் தடவி ஹப்பை உட்கார வைத்து எடுத்தால், மை பெரும்பாலான இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வளையமாக மட்டும் ஒட்டினால் பாரம் முழுக்கக் கீ மேல் விழும், கீ வெட்டுப்படும். கீ காடியில் பக்கவாட்டில் ஆடக் கூடாது, மேலே ஹப்பை முட்டவும் கூடாது. முட்டினால் ஹப் கூம்பில் உட்காராமல் கீ மேல் ஏறி நிற்கும்.

பிறகு ஸ்பிரிங் கண் போல்ட், ஃபிளாஞ்சு போல்ட் (கோடு பார்த்து), ஜாக்கியை ஏற்றி ஷாக், ரேடியஸ் ஆர்ம், கேபிள், ஹோஸ். ஏறக்குறைய கழற்றியதன் எதிர் வரிசைதான் இது. ஸ்பிரிங் கண் முதலில் மாட்டினால்தான் ஜாக்கி தூக்கும் பாரம் நேராக ஸ்பிரிங்குக்குப் போகும்.

ஃபிளாஞ்சு போல்ட்டுகளையும் டிரன்னியன் போல்ட்டையும் இப்போதே முழுக்க இறுக்கலாம். ஸ்பிரிங் கண், ரேடியஸ் ஆர்ம், ஷாக் மூன்றின் நட்டுகளையும் கையால் மட்டும் போட்டு விடுங்கள்.

15. தரையில் நிற்க வைத்து இறுக்குதல்

அந்த மூன்றும் ரப்பர் புஷ். போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் நின்றுவிடும். அதன்பின் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசையும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடி இருக்கும். வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். டிரன்னியனில் நைலான் சுழல்வதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சக்கரம் மாட்டி இறக்கியதும் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, வண்டி கோழி மாதிரி நிற்கும். பயப்பட வேண்டாம், இந்த வகை ஆக்ஸிலின் குணம் அது. முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து அடி தள்ளினால் சக்கரம் விரிந்து உட்காரும். நாலு சக்கரத்தையும் கெட்டிப் பலகைகள் மேல் ஏற்றினால் அடியில் கை போகும் உயரம் கிடைக்கும். முன் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, ஒரு தடவை பின்பக்கத்தைக் குலுக்கிவிட்டு, ரப்பர் போல்ட்டுகளை இறுக்குங்கள்.

கடைசியாக ஹப் நட்: 100 முதல் 110 பவுண்டு-அடி, அதாவது சுமார் 136–149 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் விடாதீர்கள். காட்டர் பின் வகையில் ஓட்டை நேராக வராவிட்டால் இறுக்கும் திசையிலேயே கொண்டுபோங்கள். பின்னால் தளர்த்தி நேராக்கக் கூடாது.

16. ஓட்டிப் பார்க்கும் முன்னும் பின்னும்

பிரேக்கில் காற்று எடுத்து, ஷூவை அட்ஜஸ்ட் செய்த பிறகே ஹேண்ட்பிரேக் கேபிளின் நீளத்தைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலைச் சம தரையில் ஊற்றும் ஓட்டையின் உதடு வரை நிரப்புங்கள். பின்பக்கத்தைத் தூக்கியபடி ஊற்றினால் அளவு தவறும்.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர், காலையில், போக்குவரத்து குறைவான தெருவில். திரும்பி வந்ததும் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், முதலில் பிரேக் பிடித்திருக்கிறதா என்று டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். பிறகுதான் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐம்பது கிலோமீட்டரில் ஹப் நட்டுக்கு மறுபடி டார்க் ரெஞ்ச். கூம்பு உட்கார்ந்து நட் சற்றே தளர்ந்திருக்கும். ஃபிளாஞ்சு போல்ட் எட்டையும் அப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.